வெரிகேட்டட் செடிகளில் புது இலை விரியும்போதே கெட்டுப்போய் வருகிறது, ஏன்?

செந்தூல் பால்கனி:

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் கொண்டோ வீடு, உயரமான மாடி, வடக்குப் பார்த்த பால்கனி. என்னிடம் இரண்டு வெரிகேட்டட் செடிகள், அதாவது பச்சையோடு வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு கலந்த இலைச்செடிகள், இருக்கின்றன. இரண்டிலும் பழைய இலைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. கடந்த சில மாதமாகப் புதிதாக வருவது மட்டும் கெட்டே வருகிறது. படம் ஏற்ற முடியவில்லை, அதனால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது மான்ஸ்டெரா ஆல்போ. போனஸ் காசில் ஆசை ஆசையாக வாங்கியது. வரவேற்பறையில் கண்ணாடி அலமாரிக்குள் விளக்குப் போட்டு, காற்றில் ஈரம் கூட்டும் ஹியூமிடிஃபையர் வைத்து வளர்க்கிறேன். உள்ளே ஈரப்பத மீட்டர் எந்த நேரமும் 90 சதவீதத்துக்கு மேல் காட்டும். சுருள் வெளியே வரும்போது ஒரு குறையும் தெரியாது. விரிய ஆரம்பித்ததும் வெள்ளைப் பகுதியின் ஓரம் நெடுக மெல்லிய பழுப்புக் கோடு. நுனி உள்பக்கம் மடங்கிக் கறுத்திருக்கிறது. பச்சைப் பக்கத்து ஓரத்திலும் கொஞ்சம் இருக்கிறது, வெள்ளையில்தான் அதிகம்.

இரண்டாவது ஃபிலோடெண்ட்ரான் பிங்க் பிரின்சஸ். இது பால்கனியில், ரெய்லிங் பக்கத்தில். புது இலை சின்னதாக, முறுக்கிக்கொண்டு வருகிறது. பச்சைப் பகுதியில் வெள்ளி நிறத்தில் கீறல்கள், அங்கங்கே மிளகுப் பொடி அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள். இலையைப் பொத்தியிருக்கும் உறை சரியாக உதிராமல் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. கடைசி இலையில் ஒரே வரிசையாக மூன்று நான்கு ஓட்டைகள்.

இரண்டுக்கும் மண் பெரும்பாலும் கொக்கோபீட் (தென்னைநார்த் தூள்). குழாய்த் தண்ணீர்தான். மெதுவாகக் கரையும் உர உருண்டைகள் போட்டிருக்கிறேன். பால்கனியில் கறிவேப்பிலையும் ஊசி மிளகாயும் இருக்கின்றன. இது நோயா, என் பராமரிப்பில் ஏதாவது குறைகிறதா? ஆல்போ ஒரு இலை விட எவ்வளவு நாள் எடுக்கும் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். காத்திருந்து காத்திருந்து அது இப்படி வந்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.


கெப்போங் பசுமை:

அக்கா, வெரிகேட்டட் என்றாலே ஈரப்பதம்தான் முக்கியம். உறை காய்ந்து ஒட்டுவது ஈரப்பதக் குறைவால் வருவது. பிங்க் பிரின்சஸையும் அந்த அலமாரிக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பகுதி எப்போதுமே பலவீனம், கொஞ்சம் பழுப்பு வரத்தான் செய்யும்.


ஆயர் ஈத்தாம் கொட்டகை:

தங்கச்சி, தயவுசெய்து பிங்க் பிரின்சஸை அலமாரிக்குள் கொண்டுபோகாதீர்கள். கெப்போங் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் இரண்டு செடிக்கும் இரண்டு வேறு தொல்லைகள் என்று நினைக்கிறேன். ஒன்றில் பூச்சி, மற்றதில் பூச்சி இல்லை. இரண்டையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்தால் ஆல்போவுக்கும் பூச்சி ஏறிவிடும்.

நான் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் வீட்டுக்குப் பின்னால் வலை போட்ட கொட்டகையில் செடி வளர்க்கிறேன். கலேடியம், அக்லோனிமா காலத்திலிருந்தே இந்தப் பைத்தியம் உண்டு. பிகேபி (கொரோனா ஊரடங்கு) சமயத்தில் ஊரே இலைச்செடி வாங்கியபோது இதே கேள்வி எனக்கு நிறைய வந்தது. எல்லாரும் இலை விரிந்த அன்றைக்கு என்ன நடந்தது என்றே யோசிக்கிறார்கள். அன்றைக்குத் தண்ணீர் கூடிவிட்டதா, வெயில் பட்டுவிட்டதா என்று. இலை கெட்டது அன்றைக்கு இல்லை. அதற்குப் பல நாள் முன்னால், உறைக்குள் சுருண்டு இருந்தபோதே கெட்டுவிட்டது. விரியும்போது நம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் புது இலையில் பிரச்சினை என்றால் சுருளையும் உறையையும் வேரையும் பார்க்க வேண்டும்.

உங்கள் பிங்க் பிரின்சஸில் ஒரே வரிசையில் ஓட்டைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். குருத்து வாழையிலையைச் சுருள் விரியாமல் இருக்கும்போது ஊசியால் ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். விரித்தால் வரிசையாகப் பல துளைகள் இருக்கும். அதே கதைதான் இங்கேயும். சுருளில் ஒரே இடத்தில் பட்ட காயம் ஒவ்வொரு மடிப்பிலும் பதிந்து, வளர வளரப் பெரிதாகி வருகிறது. அதோடு வெள்ளிக் கீறல், கறுப்புப் புள்ளி இரண்டும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை, அது இலைப்பேன். நர்சரியில் திரிப்ஸ் என்பார்கள். இலையின் மேல்தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். சாறு போன உயிரணுக்களுக்குள் காற்றுப் புகுந்துவிடுவதால்தான் அந்த வெள்ளி மினுமினுப்பு. கறுப்புப் புள்ளி அதன் கழிவு. இளசான, இறுக்கமான இடம் அதற்கு மிகவும் பிடிக்கும். சுருளைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

சோதிப்பது சுலபம். உதிர்ந்த உறையைக் குப்பையில் போடாதீர்கள். நகத்தால் மெல்லப் பிரித்து உள்பக்கம் பாருங்கள். அங்கே சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டும் துரு நிறக் கீறலும் இருந்தால் விஷயம் முடிந்தது. இன்னொன்று, இருட்டியதும் கைப்பேசி விளக்கை இலைக்கு மேலே பிடித்து அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். நடு நரம்பை ஒட்டி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெளிர் மஞ்சள் கோடுகள் நகரும். அவை குஞ்சுகள். அப்புறம் வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்துச் சுருளை விரலால் தட்டுங்கள், விழுவது ஊர்ந்தால் தெரிந்துவிடும்.

ஒன்றும் விழவில்லை, புள்ளியும் இல்லை, ஆனால் இலை தடித்து, சுருங்கி, கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாக வருகிறது என்றால் பிராட் மைட் எனும் நுண்சிலந்தியைச் சந்தேகிக்க வேண்டும். அது சுமார் 0.2 மில்லிமீட்டர்தான், வெறுங்கண்ணுக்கு அகப்படாது. அதற்கு மருந்தும் வேறு. பூச்சிக்கு ஊற்றும் இமிடாக்ளோபிரிட் சிலந்தியை ஒன்றும் செய்யாது. காரணம் தெரியாமல் எதையாவது வாங்கி அடிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

உங்கள் ஊசி மிளகாயையும் பாருங்கள். மிளகாய் இலை மேல்நோக்கி மடிந்து படகாக நின்றால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்தி. மிளகாய் பயிரிடுகிறவர்கள் தூரத்தில் நின்றே இதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆல்போவுக்கு வேறு பதில் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.


செந்தூல் பால்கனி:

அண்ணே, மிக்க நன்றி. இரவில் விளக்கு அடித்துப் பார்த்தேன். பிங்க் பிரின்சஸில் நரம்பு ஓரம் நீங்கள் சொன்ன மஞ்சள் கோடுகள் நகர்கின்றன. காய்ந்த உறையின் உள்ளே புள்ளிகள் நிறைய. மிளகாய் இலைகள் மேல்நோக்கி மடிந்திருக்கின்றன. அவ்வளவு நாளும் வெயிலால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தொட்டியும் பக்கம் பக்கமாக இருந்தவை. ஆல்போவில் தட்டிப் பார்த்தும் ஒன்றும் விழவில்லை, வெள்ளிக் கீறலும் கிடையாது.

என்ன மருந்து அடிப்பது? வீட்டில் பூனை இருக்கிறது. கெட்டுப்போன இலைகளை வெட்டிவிடலாமா?


பட்டர்வொர்த் அக்கா:

மருந்து விஷயம் நான் சொல்கிறேன், என் கூடத்தில் இதே போராட்டம் நடந்தது.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள் தங்கச்சி: இலைப்பேன் முட்டையை இலையின் சதைக்குள் செருகிவைக்கும். குஞ்சு வளர்ந்ததும் பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாக இருக்கும். நீங்கள் இலை மேல் எதை அடித்தாலும் இலைக்குள் இருக்கும் முட்டையும் மண்ணில் இருப்பதும் தப்பித்துவிடும். நம் சூட்டில் ஒரு தலைமுறை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அதனால் ஒரு தடவை அடித்து, பூச்சி காணோம் என்று விட்டால் மறுபடி வரும். ஐந்து நாளுக்கு ஒருமுறை என்று வைத்து, குறைந்தது ஒரு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். நடுவில் நிறுத்தினால் பட்ட பாடு வீண்.

செடியை முதலில் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் இரண்டு பக்கமும் ஷவர் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கை விடாதீர்கள். அப்புறம் பூச்சிக்கொல்லி சோப்பு, அல்லது வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி வீதம் சோப்போடு கலந்தது. இவை நேரடியாகப் பட்டால்தான் கொல்லும், அதனால் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். வெள்ளையும் இளஞ்சிவப்புமான பகுதி எண்ணெய்க்குச் சீக்கிரம் கருகும். ஒரு இலையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றதுக்கு அடியுங்கள். எப்போதும் வெயில் இறங்கிய பிறகுதான். அடித்த ஈரத்தோடு வெயிலில் வைக்கக் கூடாது.

இதற்கு அடங்காவிட்டால் ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து நல்லது. அபமெக்டினும் வேலை செய்யும், சிலந்திக்கும் சேர்த்துக் கேட்கும். ஆனால் பூனை இருக்கும் வீட்டில் அபமெக்டினை நான் தொடமாட்டேன். எதை அடித்தாலும் காய்கிற வரைக்கும் பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மாற்றி மாற்றி அடியுங்கள், இல்லாவிட்டால் பூச்சி பழகிவிடும். இன்னொரு விஷயம், இணையத்தில் சின்னப் பாட்டிலில் ஊற்றி, லேபிள் இல்லாமல் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் பூச்சிமருந்து பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் லேபிளில் இருக்கும். எத்தனை மில்லி கலப்பது என்பதையும் அந்த லேபிளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீல ஒட்டும் அட்டை ஒன்றைச் செடிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அது பூச்சியை ஒழிக்காது, ஆனால் குறைகிறதா கூடுகிறதா என்று காட்டும்.


ஆயர் ஈத்தாம் கொட்டகை:

அக்கா சொன்ன எல்லாம் சரி. அந்த மிளகாயைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பிங்க் பிரின்சஸை எவ்வளவு கழுவினாலும் பக்கத்தில் மிளகாய் அப்படியே நின்றால் பூச்சி அங்கிருந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். மிளகாய் சாப்பிடும் செடி, அதற்குச் செடிக்குள் ஊடுருவும் மருந்து ஊற்றக் கூடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, தொல்லை அடங்கியதும் புது விதை போடுவேன். ஊசி மிளகாய் மறுபடி முளைத்துவிடும். பிங்க் பிரின்சஸ் அப்படிக் கிடைக்காது.

வெட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக இலையை வெட்டாதீர்கள். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அது சாப்பாடு தயாரிக்காது. செடி முழுவதும் இருக்கிற பச்சையை நம்பித்தான் வாழ்கிறது. கீறல் விழுந்த இலையிலும் பச்சை மிச்சம் இருந்தால் அது உழைக்கிறது. குஞ்சுகள் மொய்க்கிற, முட்டை நிறைந்த இலை ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவிடலாம், அதுவும் வேறு நல்ல இலைகள் இருந்தால். ஒட்டிக்கொண்ட உறையைக் கையால் பிய்க்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் தானாக இளகும். அப்படியும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இப்போது ஆல்போ. இங்கேதான் நான் கொஞ்சம் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் அருமையாகப் பார்த்துக்கொள்கிற வீடுகளில்தான் இது வருகிறது.

வெள்ளையில் மட்டும் காகிதம் போலக் காய்ந்த திட்டு, அதுவும் வெளிச்சம் படும் பக்கத்தில் என்றால் வெயில் காயம் என்பேன். அது முற்றிய இலையிலும் வரும். உங்களுக்கு அப்படி இல்லை. விரியும்போதே ஓரம் நெடுக, பச்சையிலும் கொஞ்சம், நுனி மடங்கி. இது புது இலைக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளம். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கும் காரணம் இதே.

கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே போகும். இலை ஆவி விட விடத் தண்ணீர் இழுபடும், தண்ணீரோடு கால்சியமும் வரும். பெரிய பழைய இலைகள் நிறைய ஆவி விடுகின்றன, அவையே பெரும்பங்கை வாங்கிக்கொள்கின்றன. ஒருமுறை ஓர் இலையில் சேர்ந்த கால்சியத்தை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. நைட்ரஜனை அப்படி மாற்றிக் கொடுக்கும், கால்சியத்தை மாற்றாது. பழைய இலை பளபளவென்று இருக்கப் புது இலை மட்டும் கெடுவது அதனால்தான். இப்போது உங்கள் அலமாரியை யோசியுங்கள். கதவு மூடி, காற்று அசையாமல், 90க்கு மேல் ஈரப்பதம். செடி ஆவியே விட முடியவில்லை. சுருளுக்கோ கேட்கவே வேண்டாம். அறைக்குள் சாலட் கீரை வளர்க்கிறவர்கள் குருத்து கருகாமல் இருக்கத்தான் பயிர் மேல் விசிறி ஓடவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு சின்ன யூஎஸ்பி விசிறியை அலமாரிக்குள் வையுங்கள். இலை லேசாக ஆடினால் போதும், நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். ஹியூமிடிஃபையரைக் குறைத்து 70 பக்கம் கொண்டுவாருங்கள். கோலாலம்பூர் காற்றில் ஈரம் தாராளமாக இருக்கிறது. ஏர்கான் ஓடும் அறையில்தான் குறையும், அதுவும் காற்று நேராகச் செடி மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் பெரிய சேதம் இல்லை.

அடுத்தது கொக்கோபீட். நம் ஊரில் மலிவு, எல்லாரும் போடுகிறோம். ஆனால் தென்னைநார்த் தூளுக்கு ஒரு குணம் உண்டு, அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். முன்கூட்டிப் பதப்படுத்தாத கொக்கோபீட்டில் நட்டால் நீங்கள் கொடுக்கும் கால்சியத்தில் பங்கு அதற்குத்தான் முதலில். நம் குழாய்த் தண்ணீரிலும் அது அதிகம் கிடையாது. உங்களுக்கு சிலாங்கூர் ஆறு, லங்காட் ஆறு. பினாங்கில் எங்களுக்குப் பெரும்பகுதி மூடா ஆறு. எல்லாம் மென்மையான ஆற்று நீர். கெட்டிலில் வெள்ளைப் படிவு கட்டுவதே அபூர்வம், பார்த்திருப்பீர்கள். பல உர உருண்டைகளில் கால்சியம் இருக்காது, பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள்.

கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். சுங்கை பூலோ நர்சரி வரிசையிலும் உரக்கடைகளிலும் கேட்டால் கிடைக்கும். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கொடுப்பதாக இருந்தால் வேறு நாளில், ஒரே பாத்திரத்தில் கெட்டியாகக் கலந்தால் கீழே ஜிப்சமாகப் படிந்துவிடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். போடுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அது கரைந்து வேருக்குப் போக மாதக்கணக்காகும், இப்போதைய பிரச்சினைக்கு உதவாது. இலை மேல் தெளிப்பதும் சுருளின் உள்மடிப்புக்குப் போய்ச் சேராது.

உரம் கூட்டிக் கொடுத்து மண்ணில் உப்பு ஏறினாலும் ஓரம் கருகும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி வடியவிடுங்கள், பிறகு கால்சியம் கொடுங்கள். வேரையும் ஒருமுறை பாருங்கள். பழுப்பாக, தொட்டால் தோல் கழன்று வருகிறது என்றால் எந்த உரமும் மேலே போகாது. அப்போது கொக்கோபீட்டைக் குறைத்து பெர்லைட், ஆர்க்கிட் மரப்பட்டை, கருக்கிய உமி கலந்து மாற்றி நடுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் இன்றைக்கே செய்தாலும் அடுத்து வரும் இலை குறையோடுதான் வரக்கூடும், ஏனென்றால் அது ஏற்கெனவே உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மருந்தையும் உரத்தையும் இரட்டிப்பாக்காதீர்கள். அதற்கடுத்த இலையை வைத்து முடிவு செய்யுங்கள்.


கெப்போங் பசுமை:

நன்றி அண்ணே, விசிறி விஷயம் எனக்கும் பயன்படும். ஒரு சந்தேகம். அக்கா பால்கனி வடக்குப் பார்த்தது என்கிறார். வடக்குப் பக்கம் வெயில் வராது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் பிங்க் பிரின்சஸ் ரெய்லிங் ஓரத்திலேயே இருக்கலாமா?


ஆயர் ஈத்தாம் கொட்டகை:

அது குளிர்நாடுகளுக்குச் சொன்னது தம்பி. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கோலாலம்பூரில் மார்ச் கடைசியில் சூரியன் நேர் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும், செப்டம்பர் நடுவில்தான் திரும்பும். அந்த ஐந்தரை மாதமும் வடக்குப் பால்கனிக்கு நேர் வெயில் உண்டு, மற்ற மாதங்களில் தெற்குப் பால்கனிக்கு. ஜூன் மாத உச்சி நேரத்தில், மேல்மாடித் தளம் மறைத்தாலும் ரெய்லிங் ஓரம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்கு வெயில் விழும். காலையும் மாலையும் சாய்வாக இன்னும் உள்ளே வரும். நம் கடிகாரப்படி உச்சி நேரம் பன்னிரண்டு மணி இல்லை, ஒன்றேகால் வாக்கில். தங்கச்சி மதியம் சமையல் முடித்துவிட்டு அந்த நேரத்தில் ஒருமுறை பால்கனிக்கு வந்து, வெயில் தரையில் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளட்டும். தொட்டி அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் ஒரு முழம் தள்ளி இருந்தால் நல்லது. மருந்து அடிக்கிற இந்த மாதத்தில் இன்னும் உள்ளே தள்ளி வையுங்கள், சோப்பும் எண்ணெயும் பட்ட இளஞ்சிவப்பு வெயிலைத் தாங்காது.


செந்தூல் பால்கனி:

மிளகாயைப் பையில் கட்டி எடுத்துவிட்டேன் அண்ணே. பிங்க் பிரின்சஸ் இப்போது குளியலறையில், கழுவி வைத்திருக்கிறேன், பூனைக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. சனிக்கிழமை சுங்கை பூலோ போய்க் கால்சியம் நைட்ரேட்டும் மரப்பட்டையும் வாங்கப் போகிறேன். ஆல்போ வேரைப் பார்த்துவிட்டு இதே இடத்தில் எழுதுகிறேன்.